ஆய்வுக் கட்டுரையை முதன்முதலாகத் திறப்பவர்களுக்கு

“மஞ்சள் புற்றுநோய் அணுக்களைக் கொல்கிறது: ஆய்வில் உறுதி.” “பொறுமையாகக் காத்திருக்கும் பிள்ளைதான் பின்னாளில் முன்னுக்கு வரும்: ஆய்வு.” “பதப்படுத்திய இறைச்சியால் புற்றுநோய் 18 விழுக்காடு கூடும்.” குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்த மாதிரி ஒன்றாவது வாராவாரம் வந்துவிடும். ஊரிலிருக்கும் மாமா அனுப்புவார், ஈசூன் சித்தி கைகூப்பும் படம் ஒன்றைப் போடுவார், அதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த ஆய்வை யாராவது திறந்து பார்த்தார்களா என்றால், அநேகமாக இல்லை.

திறந்து பார்ப்பது முடியாத காரியம் இல்லை. அறிவியல் பட்டம் தேவையில்லை. ஆங்கிலம் ஓரளவு வாசிக்க வந்தால் போதும், ஒரு மாலைப் பொழுது இருந்தால் போதும். மருத்துவம், உளவியல், வேதியியல், பயிர்ப் பூச்சிக் கட்டுப்பாடு என்று நான்கு துறைகளிலிருந்தும் எடுத்துக்காட்டு தருகிறேன். பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலிருக்கும். ஆனால் நான்கிலும் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்றே ஒன்றுதான்: எதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு இதைச் சொல்கிறார்கள்? மற்றதெல்லாம் அதற்குத் துணை.

முதலில் கட்டுரையைக் கையில் எடுங்கள்

செய்தியில் மூன்று விவரங்களைத் தேடுங்கள்: ஆய்விதழின் பெயர், ஆய்வாளர் ஒருவரின் பெயர், ஆண்டு. மூன்றில் ஒன்றுகூட இல்லையென்றால் அங்கேயே விட்டுவிடலாம். இருந்தால் ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் தேடித் தரும் கூகல் ஸ்காலரில் போட்டுத் தேடுங்கள். மருத்துவம் என்றால் மருத்துவக் கட்டுரைகளுக்கான பப்மெட் தளம் இன்னும் வசதி. சுருக்கவுரை இலவசமாகக் கிடைக்கும், பல கட்டுரைகள் முழுமையாகவும் கிடைக்கும். கட்டுரையின் மேலேயோ கீழேயோ டிஓஐ என்று ஒரு நீண்ட எண் இருக்கும். அதைக் குறித்துவைத்துக்கொண்டால் பிறகு எந்த ஊரிலிருந்தும் அதே கட்டுரையைச் சரியாகப் பிடித்துவிடலாம்.

பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஒரு கட்டுரைக்கு முப்பது, நாற்பது வெள்ளி கேட்பார்கள். ஸ்காலரில் அதே கட்டுரையின் வேறு பிரதிகளைக் காட்டும் இணைப்பு ஒன்று தலைப்புக்குக் கீழே இருக்கும்; பல நேரம் ஆய்வாளரின் பல்கலைக்கழகப் பக்கத்திலேயே இலவசப் பிரதி கிடக்கும். அதுவும் இல்லையென்றால் சிங்கப்பூரின் தேசிய நூலக வாரியம் இருக்கிறது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அடிப்படை உறுப்பியம் இலவசம், அதை வைத்து வாரியத்தின் மின்தரவுத் தளங்களுக்குள் போகலாம். சிலவற்றை வீட்டிலிருந்தே திறக்கலாம், சிலவற்றுக்கு நூலகத்துக்கே போக வேண்டும். வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கான உறுப்பிய விதிகள் வேறு. வாரியத்தின் இணையப் பக்கத்தில் முதலில் பார்த்துவிட்டுப் போங்கள். விக்டோரியா ஸ்திரீட் கட்டடத்தில் இருக்கும் லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்தில் உட்கார்ந்து படிப்பதற்கு எல்லாருக்கும் இடமுண்டு, முகப்பில் இருக்கும் நூலகரிடம் கேட்டால் தேடித் தருவார். எதுவுமே சரிப்படவில்லையென்றால் ஆய்வாளருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் எழுதுங்கள். தம் கட்டுரையை ஒருவர் படிக்க விரும்புகிறார் என்பதே பெரும்பாலானவர்களுக்குச் சந்தோஷம்தான்.

இன்னொன்று. மற்ற நிபுணர்கள் சரிபார்ப்பதற்கு முன்பே இணையத்தில் ஏற்றப்படும் கட்டுரைகளும் உண்டு. அவற்றின் தலைப்பில் ‘சகநிபுணர் மதிப்பாய்வு செய்யப்படவில்லை’ என்ற பொருளில் ஒரு குறிப்பு இருக்கும். கொவிட் காலத்தில் செய்திகளில் வந்தவற்றில் நிறைய இந்த வகை. படிக்கலாம், ஆனால் அதை வைத்து வீட்டில் எதையும் மாற்ற வேண்டாம்.

நேராகக் கட்டுரையில் இறங்கத் தயக்கமாக இருந்தால் கொக்ரேன் அமைப்பின் எளிய சுருக்கங்களில் தொடங்குங்கள். ஒரு கேள்வி குறித்து நடந்த நல்ல சோதனைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்துச் சொல்வார்கள், சிலவற்றுக்குத் தமிழாக்கமும் உண்டு. பயிர்ப் பூச்சி என்றால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையதளம் தமிழிலேயே இருக்கிறது.

படிக்கும் வரிசை

மேலிருந்து கீழே வரிசையாகப் படிக்காதீர்கள். புதியவர்கள் அறிமுகப் பகுதியின் இரண்டாவது பத்தியிலேயே களைத்துப்போவது அதனால்தான். சுருக்கவுரையை ஒருமுறை பாருங்கள், உடனே செய்முறைப் பகுதிக்குப் போங்கள், அப்புறம் அட்டவணைகள், அதற்குப் பிறகு முடிவுகள். விவாதப் பகுதியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். செய்முறையில் ஆய்வாளர் செய்தது இருக்கும், விவாதத்தில் அவர் ஆசைப்படுவது இருக்கும். இரண்டாவதை முதலில் படித்தால் முதலாவதை அவர் கண்ணாலேயே பார்ப்போம்.

கையில் ஒரு தாள் வைத்துக்கொண்டு நான்கு கேள்விகளை எழுதுங்கள். எதன்மீது சோதித்தார்கள்? எதோடு ஒப்பிட்டார்கள்? எதை அளந்தார்கள்? எத்தனை? பதில் கிடைக்கக் கிடைக்க நிரப்பிக்கொண்டே போங்கள். புரியாத கலைச்சொல் வந்தால் நிற்க வேண்டாம், தாண்டிப் போங்கள்; நான்கு பதில்களுக்கு அது தேவைப்பட்டால் மட்டும் திரும்பி வாருங்கள்.

எதன்மீது?

மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள குர்குமின் என்ற வேதிப்பொருளைக் கண்ணாடித் தட்டில் வளர்க்கும் புற்றுநோய் அணுக்கள்மீது ஊற்றினால் அணுக்கள் சாவது உண்மைதான். அப்படிச் சொல்லும் கட்டுரைகள் ஏராளம். ஆனால் தட்டில் இருக்கும் அணுவைப் பிளீச்சும் கொல்லும், உப்புக் கரைசலும் அளவு கூடினால் கொல்லும். தட்டிலிருந்து எலிக்கும், எலியிலிருந்து மனிதருக்கும் போக நீண்ட வழி இருக்கிறது, பெரும்பாலான பொருள்கள் அந்த வழியிலேயே நின்றுவிடும்.

குர்குமின் விஷயத்தில் வேதியியலாளர்களுக்கு இன்னொரு சங்கடம். அது தானே நிறமுள்ள பொருள், ஒளிரவும் செய்யும், பல புரதங்களோடு கண்டபடி ஒட்டிக்கொள்ளும். ஆய்வுக்கூடத்தில் நிறமாற்றத்தையோ ஒளியையோ வைத்து ‘வேலை செய்கிறது’ என்று காட்டும் சோதனைகள் இருக்கின்றன. அவற்றில் குர்குமினைப் போட்டால் உள்ளபடி எதுவும் நடக்காமலேயே நல்ல முடிவு வந்துவிடக்கூடும். மருத்துவ வேதியியல் ஆய்விதழ் ஒன்றில் 2017இல் வந்த விரிவான மதிப்பாய்வு இதையெல்லாம் எடுத்துப் பேசியது. 120க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்தும், யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் எடுப்பவருக்கும் தெரியாமல் மருந்தில்லாத மாத்திரையோடு ஒப்பிட்ட சோதனை எதிலும் குர்குமின் வெற்றி பெறவில்லை என்றது.

‘மிளகு சேர்த்தால் 2000 விழுக்காடு கூடுதலாக உடம்பில் சேரும்’ என்ற வரியையும் பார்த்திருப்பீர்கள். அதுவும் ஒரு நிஜ ஆய்விலிருந்து வந்ததுதான், 1998இல் வெளியானது. சில ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். கணக்கில் தப்பில்லை. ஆனால் எதோடு ஒப்பிட்டு 2000 விழுக்காடு? குர்குமினைத் தனியாகச் சாப்பிட்டபோது ரத்தத்தில் காணப்பட்ட, கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாத அளவோடு. ஒன்றுமில்லாததை இருபது மடங்காக்கினாலும் கொஞ்சம்தான் வரும். போதாததற்கு, மஞ்சள்தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 விழுக்காடுதான். ரசத்தில் போடும் கால் கரண்டித் தூளை இந்த ஆய்வோடு சேர்த்துப் பேசவே முடியாது. ரசம் ருசிக்காகச் சாப்பிடுவது. அது அப்படியே இருக்கட்டும்.

தேக்காவிலும் கடைத்தொகுதிகளிலும் மஞ்சள் மாத்திரை வாங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. சுகாதாரத் துணைப்பொருள்களுக்கு, மருந்துகளுக்குப் போல, விற்பதற்கு முன்பு சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதல் தேவையில்லை. பாதுகாப்புக்கும் தரத்துக்கும் விற்பவரே பொறுப்பு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் பலதுறை மருந்தக மருந்தாளரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இவற்றைத் தொட வேண்டாம்.

எதோடு?

இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

சமூகத் தோட்டத்தில் கறிவேப்பிலைச் செடியில் மாவுப்பூச்சி. வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கித் தெளிக்கிறீர்கள். ஒரு வாரத்தில் பூச்சி குறைந்துவிட்டது. வேப்பெண்ணெய் வேலை செய்ததா? நடுவில் இரண்டு நாள் வடகிழக்குப் பருவமழை கொட்டியிருந்தால் மழையே பாதியைக் கழுவியிருக்கும். அதற்காகத் தெளிக்காத செடி ஒன்றைப் பக்கத்தில் விட்டுவைக்க வேண்டும். அது மட்டும் போதாது. மெல்லுடல் பூச்சிகளைச் சோப்புத் தண்ணீரே கொல்லும். ஆகவே சோப்புத் தண்ணீர் மட்டும் தெளித்த செடி ஒன்றும் வேண்டும். மூன்றையும் பார்த்த பிறகுதான் வேப்பெண்ணெயைப் பற்றி வாய் திறக்கலாம். ‘இயற்கைப் பூச்சிவிரட்டி’ காணொளிகளில் இந்த மூன்றாவது செடியை நான் பார்த்ததே இல்லை.

பூச்சியியல் கட்டுரைகளில் ‘ஆபட் திருத்தம்’ என்று ஒரு பெயர் அடிக்கடி கண்ணில் படும். 1925இல் ஆபட் என்பவர் வெளியிட்ட எளிய கணக்கு அது. மருந்து தெளித்த 100 பூச்சிகளில் 60 செத்தன, வெறும் தண்ணீர் தெளித்த 100இல் 20 தானாகவே செத்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்தின் வேலை 60 விழுக்காடு என்று சொல்ல முடியாது. எப்படியும் சாகவிருந்த 20ஐக் கழித்தால், பிழைத்திருக்கக்கூடிய 80இல் 40ஐத்தான் மருந்து கொன்றிருக்கிறது. 50 விழுக்காடு. கட்டுரையில் தண்ணீர் தெளித்த குழுவின் சாவு எண்ணிக்கையே கொடுக்கப்படவில்லையென்றால், அந்த 60 என்ற எண்ணால் உங்களுக்குப் பயனில்லை.

சரி, ஒப்பீட்டுக் குழு இருக்கிறது. யார் எந்தக் குழுவுக்குப் போவது என்று எப்படி முடிவு செய்தார்கள்? இதைச் செய்முறைப் பகுதியில் தேடுங்கள். குலுக்கல் முறையில் என்றிருந்தால் நல்லது. இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது, நான்கு துறைகளையும் ஒன்றாகப் பேசுவதற்கு எனக்குத் துணிச்சல் கொடுத்ததும் அதுதான். இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919இல் வேலைக்குச் சேர்ந்தார் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர். ஒரே வயலில் ஒரு மூலை வளமாக இருக்கும், இன்னொரு மூலையில் தண்ணீர் தேங்கும். நல்ல மூலையில் புது உரத்தைப் போட்டுவிட்டு ‘விளைச்சல் கூடியது’ என்றால் அது உரத்தின் பெருமையா, மூலையின் பெருமையா? பாத்திகளைக் குலுக்கிப் போட்டுப் பிரித்தால்தான் தெரியும் என்றார் அவர். பிரிட்டனில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினைச் சோதித்தபோது (முடிவு 1948இல் வெளியானது), நோயாளிகளைப் பிரிப்பதற்கும் தற்செயல் எண்களே பயன்பட்டன. மருந்துக்குத் தட்டுப்பாடு, எல்லாருக்கும் கொடுக்க முடியாத நிலை. அதுவே நேர்மையான சோதனைக்கு வழிவிட்டது. யாருக்கு எது என்பது மூடிய உறைக்குள் இருந்தது. ஆறு மாதத்தில், மருந்தும் படுக்கை ஓய்வும் பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள், ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்தார்கள்.

உளவியலாளர்கள் இதில் முந்திக்கொண்டவர்கள். பர்ஸும் ஜாஸ்ட்ரோவும் எடை வேறுபாட்டை மனிதரால் எவ்வளவு நுட்பமாக உணர முடியும் என்று சோதித்து 1885இல் வெளியிட்டார்கள். எந்த எடை முதலில் என்பதைச் சீட்டுக்கட்டைக் கலைத்து முடிவு செய்தார்கள். ஃபிஷர் அப்போது பிறக்கவே இல்லை.

குலுக்கல் இல்லாத ஆய்வுகள் எல்லாம் பயனற்றவை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புகைபிடித்தல் பற்றி யாரையும் குலுக்கிப்போட்டுச் சோதிக்க முடியாது. ஆனால் ‘காலையில் நடப்பவர்கள் அதிக நாள் வாழ்கிறார்கள்’ என்று ஓர் ஆய்வு சொன்னால், ஏற்கெனவே உடல்நலம் உள்ளவர்கள்தான் காலையில் நடக்கக் கிளம்புகிறார்களோ என்று ஒரு கணம் யோசிக்க வேண்டும். அதை எப்படிக் கணக்கில் எடுத்தார்கள் என்று அட்டவணையில் பாருங்கள்.

எதை அளந்தார்கள்?

வேம்புக்கே திரும்பி வருவோம். வேப்பங்கொட்டையில் இருக்கும் அசாடிராக்டின் பூச்சியை உடனே கொல்லும் நஞ்சு இல்லை. பூச்சி தின்பதை நிறுத்தும், தோலுரித்து வளர்வதைக் கெடுக்கும். 24 மணி நேரத்தில் எத்தனை செத்தன என்று மட்டும் எண்ணிய ஆய்வில் வேம்பு தோற்றுப்போகும். இலைச்சேதத்தை ஒரு வாரம் அளந்த ஆய்வில் நன்றாகத் தெரியும். வெயிலில் அது சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால், ஆய்வுக்கூடத்தில் கிடைத்த முடிவு வயலில் கிடைக்காமலும் போகலாம். ஒரே பொருள், மூன்று பதில்.

மருத்துவத்தில் இது உயிர்போகும் விஷயம். மாரடைப்புக்குப் பிறகு இதயத்துடிப்பு தாறுமாறாக இருப்பவர்கள் இறக்கும் அபாயம் அதிகம். எனவே துடிப்பைச் சீராக்கும் மாத்திரை உயிரைக் காக்கும் என்று நம்பிப் பலருக்கும் கொடுத்தார்கள். மாத்திரை துடிப்பை உண்மையிலேயே சீராக்கியது. 1989இல் வெளிவந்த பெரிய சோதனை ஒன்று சாவையே எண்ணிப் பார்த்தது. என்கெய்னைடு, ஃப்ளெகெய்னைடு எடுத்தவர்களில்தான் அதிகம் பேர் இறந்திருந்தார்கள். ஆகவே ‘ரத்தத்தில் இந்த அளவு குறைந்தது’, ‘அந்தக் குறியீடு மேம்பட்டது’ என்று படித்தால், நோயாளிக்கு என்ன ஆயிற்று என்பதையும் அளந்தார்களா என்று பாருங்கள். உளவியலில் இதற்கு இணை, கேள்வித்தாளில் ஒருவர் தன்னைப் பற்றித் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண். அவர் சொல்வதும் செய்வதும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

எத்தனை பேர், மறுபடி செய்தார்களா?

பிள்ளை முன்னால் ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாயை வைத்து, ‘நான் வரும்வரை சாப்பிடாமலிருந்தால் இன்னொன்று தருவேன்’ என்று சொல்லிப் பார்த்த ஸ்டான்ஃபோர்டு சோதனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். காத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் நல்ல மதிப்பெண் எடுத்தார்கள் என்ற செய்தி இங்குள்ள பெற்றோர் மத்தியில் நன்றாகவே பரவியது, டியூஷன் விளம்பரத்துக்குத் தோதான கதை. பல்கலைக்கழக வளாகத்து பாலர் பள்ளிப் பிள்ளைகள் அவர்கள். மதிப்பெண் பற்றிய அந்த முடிவுக்கு அடிப்படையாக இருந்தவர்கள் சில டஜன் பேர்தான். 2018இல் 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவை வைத்து மறுபடி பார்த்தபோது தொடர்பு பாதியாகச் சுருங்கியது. குடும்பப் பின்னணியையும் கணக்கில் எடுத்ததும் பெரும்பகுதி கரைந்தே போயிற்று.

2015இல் ஆய்வாளர்கள் பலர் ஒன்றுசேர்ந்து 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல்படி முக்கியமான முடிவைக் காட்டியவை. மறுபடி செய்தபோது 36 விழுக்காடுதான் அப்படிக் காட்டின. இதைச் சொல்லி உளவியலைக் கிண்டல் செய்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தன் கணக்கைத் தானே பொதுவில் சரிபார்த்துக் காட்டிய துறை அது, எல்லாத் துறையும் அதைச் செய்துவிடவில்லை. நமக்கு வேண்டியது ஒன்றுதான்: கட்டுரைத் தலைப்பை ஸ்காலரில் போட்டு, அதை மேற்கோள் காட்டிய பிற்காலக் கட்டுரைகளின் பட்டியலைத் திறந்து, யாராவது மறுபடி செய்தார்களா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

எண்களோடு கொஞ்ச நேரம்

அந்த 18 விழுக்காட்டுக்கு வருவோம். அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவை 2015இல் சொன்னது: நாளொன்றுக்கு 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் ஏறக்குறைய 18 விழுக்காடு கூடும். 100 பேரில் 18 பேருக்கு வரும் என்று இதற்குப் பொருள் இல்லை. வாழ்நாளில் 100 பேரில் 5 பேருக்கு வரக்கூடிய நோய் என்று வைத்துக்கொண்டால், அந்த 5இல் 18 விழுக்காடு கூடி, 6க்குச் சற்றுக் குறைவாக வரும். தினமும் சாசேஜோ லஞ்சன் மீட்டோ சாப்பிடுபவர் யோசிக்க வேண்டிய எண்தான், பதற வேண்டிய எண் இல்லை. விழுக்காடு எங்கே வந்தாலும் ‘எதிலிருந்து எதற்கு’ என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அதே முகவை சீன முறையில் உப்பிட்ட மீனையும் சிகரெட் இருக்கும் முதல் பிரிவில்தான் வைத்திருக்கிறது. பிரிவு சொல்வது சான்று எவ்வளவு உறுதி என்பதை மட்டும். ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அது சொல்வதில்லை. நம் வீட்டுக் கருவாட்டுக்கு அந்த முடிவு அப்படியே பொருந்துமா என்றால், அந்த ஆய்வுகள் பார்த்தது வேறு பக்குவத்தில் செய்த மீனை.

அட்டவணையில் உட்பிரிவுகளையும் விடாதீர்கள். 2020இல் பிரிட்டனின் ரிக்கவரி சோதனை, கொவிட் நோயாளிகளுக்கு டெக்ஸாமெதசோன் உதவுகிறது என்று காட்டியது. 28 நாளில் இறந்தவர்கள் மருந்து பெற்ற குழுவில் 22.9 விழுக்காடு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 25.7. செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களை மட்டும் பார்த்தால் 41.4இலிருந்து 29.3ஆகக் குறைந்திருந்தது, அதாவது ஏறக்குறைய 8 பேருக்குக் கொடுத்தால் ஓர் உயிர் கூடுதலாகப் பிழைக்கும். பிராணவாயுவே தேவைப்படாதவர்களிடம் பலன் எதுவும் தெரியவில்லை, கெடுதலாகக்கூட இருக்கலாம் என்ற திசையில் எண்கள் இருந்தன. தலைப்புச் செய்தியை மட்டும் படித்து வீட்டில் மாத்திரை வாங்கி வைத்தவர்கள் இந்தக் கடைசி வரியைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

‘பி மதிப்பு 0.05க்குக் கீழ்’ என்று வந்தால்: மருந்துக்கு உண்மையில் எந்த விளைவும் இல்லையென்றாலும், இவ்வளவு பெரிய வேறுபாடு தற்செயலாக வர இருபதில் ஒரு வாய்ப்புக்கும் குறைவு என்று பொருள். விளைவு பெரியதா, பயனுள்ளதா என்பதை அது சொல்லாது. அவ்வளவு தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

நம் ஊருக்குப் பொருந்துமா?

வோல்பாக்கியா என்ற நுண்ணுயிர் உள்ள கொசுக்களை விட்டு டெங்கியைக் கட்டுப்படுத்தும் திட்டம் இதற்கு நல்ல பாடம். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நகரத்தை 24 பகுதிகளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் பாதியில் வோல்பாக்கியா உள்ள கொசுக்களை விட்டார்கள். அங்கே டெங்கி 77 விழுக்காடு குறைந்தது என்று 2021இல் கட்டுரை வந்தது. ‘நம் புளோக்கிலும் அதைத்தானே விடுகிறார்கள்’ என்று அந்த எண்ணை அப்படியே இங்கே கொண்டுவந்துவிடக் கூடாது. யோக்யகர்த்தாவில் விட்ட ஆண், பெண் கொசுக்கள் இரண்டும் பெருகி, உள்ளூர்க் கொசுக்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வோல்பாக்கியா உள்ள கொசுவின் உடலில் டெங்கிக் கிருமி பெருகுவது கடினம். சிங்கப்பூரில் தேசிய சுற்றுப்புற வாரியம் 2016இலிருந்து விடுவது ஆண் கொசுக்களை மட்டும். அவை கடிக்காது. காட்டுப் பெண் கொசு அவற்றோடு இணைந்து இடும் முட்டைகள் பொரிக்காது, கொசுக் கூட்டமே மெலியும். தொடர்ந்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டிய முறை இது. அடுக்குமாடி ஊரில் மேல்தளங்களையும் மனத்தில் வைத்துச் செய்ய வேண்டும். ஒரே நுண்ணுயிர், இரண்டு வழி, ஆகவே இரண்டு தனி எண். இங்குள்ள பலனுக்கு இங்கு செய்த ஆய்வைத்தான் படிக்க வேண்டும்.

பெரம்பலூரில் மக்காச்சோளம் போட்டிருக்கும் அண்ணனுக்குப் படைப்புழு பற்றி ஏதாவது தேடி அனுப்ப நினைப்பவர்களுக்கும் இதுவே. அந்தப் புழு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, 2016இல் ஆப்பிரிக்காவிலும் 2018இல் கர்நாடகத்திலும் கண்டுபிடிக்கப்பட்டது. பிரேசிலில் பலித்த மருந்தைவிட, கோயம்புத்தூரில் சோதித்த பரிந்துரை அவருக்குப் பயன்படும்.

பணமும் திரும்பப் பெறுதலும்

கட்டுரையின் கடைசியில் யார் பணம் கொடுத்தார்கள் என்று இருக்கும். விற்பவரே பணம் கொடுத்திருந்தால் ஆய்வு பொய் என்று ஆகாது, ஆனால் ‘எதோடு ஒப்பிட்டார்கள்’ என்ற கேள்வியை இன்னொரு முறை கேளுங்கள். பப்மெட்டில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டிருந்தால் மேலேயே அறிவிப்பு நிற்கும். 2020 மே 22இல் லான்செட் இதழில், கொவிட்டுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் மருந்து கொடுப்பது பற்றி வந்த கட்டுரை, தரவைச் சரிபார்க்க முடியாததால் ஜூன் 4இலேயே திரும்பப் பெறப்பட்டது. பெயர்பெற்ற இதழ் என்பது மட்டும் காப்பாற்றாது.

உங்களையே ஆய்வுக்கு அழைத்தால்

சிங்கப்பூரில் இது நடக்கக்கூடியதுதான். மருத்துவமனைக்குச் சோதனைக்குப் போன இடத்தில் கேட்பார்கள், பல்கலைக்கழக உளவியல் துறைகளும் ஆள் தேடி அறிவிப்பு ஒட்டும். மனிதரை வைத்துச் செய்யும் உயிர்மருத்துவ ஆய்வுக்கு 2015இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. ஆய்வை நெறிமுறைக் குழு ஒன்று முன்கூட்டியே பார்த்து அனுமதித்திருக்க வேண்டும், உங்கள் ஒப்புதலை எழுத்தில் வாங்க வேண்டும்.

தகவல் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க நேரம் கேளுங்கள். ஆங்கிலம் சிரமம் என்றால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள், புரியாமல் போட்ட கையெழுத்தை ஒப்புதல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அம்மா அப்பாவை அழைத்திருந்தால் கூடப் போங்கள். டாக்டர் கேட்கிறாரே, மறுத்தால் தப்பாக நினைப்பாரோ என்று தலையாட்டிவிடுவார்கள். மறுப்பதாலோ பாதியில் விலகுவதாலோ வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. புது மருந்துக் குழுவில்தான் போடுவார்களா என்று கேட்டால், குலுக்கலில்தான் தெரியும் என்பதே நேர்மையான பதில். ‘உங்களுக்கு நல்லதைத்தான் கொடுப்போம்’ என்று யாராவது சொன்னால் அவர் ஆய்வைச் சரியாக விளக்கவில்லை. ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன கொடுப்பார்கள், பக்கவிளைவு வந்தால் செலவு யாருடையது, எடுக்கும் ரத்தத்தை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், போக்குவரத்துக்குப் பணம் உண்டா என்பவற்றையும் கேட்டு அந்தத் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்திட்ட படிவத்தின் பிரதி ஒன்றை வாங்கி வையுங்கள். அதில் ஆய்வாளரின் தொலைபேசி எண்ணோடு நெறிமுறைக் குழுவின் எண்ணும் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.